கோபுரங்களின் ஊரில் பதினைந்து மாடி: உயரமான கட்டடம் ஒரு நகரை எப்படி மாற்றுகிறது?

காவிரிப் படுகை தட்டையான நிலம். திருச்சி மலைக்கோட்டையையும் திருவெறும்பூர் மலையையும் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டால், கடற்கரை வரை குன்று என்று சொல்ல ஏதுமில்லை. வயல்வெளிக்கு நடுவே சாலையில் நின்று பார்ப்பவருக்கு முதலில் தெரிவது நெல், அதற்கு மேல் 60, 70 அடி உயரத்தில் தென்னந்தோப்பின் தலை, அதற்கும் மேலே ஏதோ ஓர் ஊரின் கோபுரம். ஊர் எங்கே இருக்கிறது என்பதைத் தொலைவிலிருந்தே கோபுரத்தைக் கொண்டு கண்டுகொள்வது இங்கே இன்றும் நடப்பதுதான். இப்படித் தொலைவிலிருந்து பார்க்கும்போது ஓர் ஊரும் வானமும் சந்திக்கும் கோட்டைத்தான் நகரமைப்பாளர்கள் வான்விளிம்பு என்கிறார்கள். மலைப்பாங்கான ஊரில் புதிதாக எழும் ஒரு கட்டடம் மலைக்கு முன்னால் சிறுத்துப் போகும். தட்டை நிலத்தில் அதற்கு அப்படி ஒரு பின்னணி கிடையாது. இடையில் தோப்பும் வீடும் மறைக்காத பட்சத்தில், 50 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தை 25 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் காண முடியும். அதற்கும் அப்பால்தான் பூமியின் வளைவு அதை மறைக்கத் தொடங்கும். எனவே கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தால், அது அந்தத் தெருவுக்கு மட்டும் உரிய செய்தியாக இருக்காது.

உயரமான கட்டடங்கள் ஏன் எழுகின்றன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நகரின் நடுவில் மனை விலை ஏறும்போது, அதே மனையில் கூடுதல் தளங்கள் கட்டுவது லாபமாகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரண்டு தடைகள் இருந்தன: ஐந்தாறு மாடிக்கு மேல் படியேற யாரும் விரும்பவில்லை, செங்கல் சுவர் மேலே போகப் போக அடியில் தடித்துக்கொண்டே போனது. சிகாகோவில் செங்கல் சுவரிலேயே எழுப்பப்பட்டு 1891இல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் 16 மாடிகளைத் தாங்குவதற்கு, அதன் அடிச்சுவர் ஏறத்தாழ ஆறடி கனத்தில் கட்டப்பட வேண்டியிருந்தது. பாதுகாப்பான மின்தூக்கி முதல் தடையை நீக்கியது. இரும்புச் சட்டகம் இரண்டாவது தடையை நீக்கியது. அதே சிகாகோவில் அதற்கு முன்பே, 1885இல், எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் அந்த வழியைத் திறந்துவைத்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1959இல் எல்ஐசி கட்டடம் திறக்கப்பட்டபோது, சென்னைக்குப் போய் வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்த்ததை ஊரில் கதையாகச் சொன்னார்கள்.

ஆனால் காவிரிப் படுகைக்கு உயரம் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 1010இல் நிறைவடைந்தபோதே 60 மீட்டரை எட்டியிருந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானம் 53 மீட்டர். இன்றைய கணக்கில் பதினைந்து மாடிக்கும் சற்று அதிகம். நம் காலத்திலேயே இந்த வான்விளிம்பு ஒருமுறை பெரிதாக மாறியிருக்கிறது: பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டு 1987இல் குடமுழுக்கு கண்டது. அன்றைக்கு அதுவும் ஒரு புதிய கோபுரம்தான். ஆயினும் அது தீவின் தெருக்களை நெரிக்கவில்லை. அதற்குக் காரணம் பக்தி மட்டுமன்று, வடிவமும்தான். கோபுரம் மேலே போகப் போக ஒவ்வொரு நிலையாக உள்வாங்கிக் குறுகுகிறது. கீழே அது தெருவை அடைத்துக்கொள்ளாமல், தெருவே அதன் வாயில் வழியாகப் போக இடம் விடுகிறது. விமானத்தைச் சுற்றித் திறந்த திருச்சுற்று இருக்கிறது. அதற்கு வெளியே தேர் ஓடும் அகலத்தில் வீதிகள் இருக்கின்றன. உயரத்துக்கு ஏற்ற வெற்றிடம் அதன் காலடியிலேயே விடப்பட்டிருக்கிறது. புதிய கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனை மாடி என்பதை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம். எங்கே நிற்கிறது, என்ன வடிவத்தில் நிற்கிறது, தரையை எப்படித் தொடுகிறது என்பவையே அதைவிடப் பெரிய கேள்விகள் என்பது என் கருத்து.

எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இதற்குப் பள்ளிக்கூட வடிவியலே போதும். பெரிய கோயில் விமானத்திலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் உயரம் 60 மீட்டர். அவருக்கும் கோயிலுக்கும் சரிபாதித் தொலைவில், அதாவது 500 மீட்டரில், நேர்க்கோட்டில் ஒரு கட்டடம் வந்தால், முழு விமானத்தையும் மறைக்க அதற்கு 60 மீட்டர் உயரம் தேவையில்லை. ஏறத்தாழ 30 மீட்டர், ஒன்பது மாடி போதும். அதே கட்டடம் அவருக்கு 100 மீட்டர் அருகில் இருந்தால் ஆறேழு மீட்டரே போதும்; மாடி வீடு ஒன்றே விமானத்தை மறைத்துவிடும். தெருவில் நடக்கும்போது ஓரிடத்தில் தெரியும் கோபுரம் பத்தடி தள்ளி மறைந்து, அடுத்த சந்து வாயிலில் மீண்டும் தெரிவதன் காரணம் இதுதான். ஆகவே ஒரு கட்டடம் கோயிலைவிடக் குட்டை என்று சொல்வது பதிலாகாது. அது யாருடைய பார்வைக் கோட்டில் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

சட்டம் இதில் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கிறது. தொல்லியல் நினைவுச் சின்னங்களுக்கான மத்தியச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களான தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்று கோயில்களுக்கும் இந்தக் காப்பு உண்டு. ஆனால் மேலே போட்ட கணக்கில் அந்தக் கட்டடம் நின்றது கோயிலிலிருந்து 500 மீட்டரில். 300 மீட்டர் வளையம் அதைத் தொடவே தொடாது. தாராசுரத்தை எண்ணிப் பாருங்கள்: அதன் விமானம் 24 மீட்டர்தான். கும்பகோணத்துக்கு வெகு அருகில் இருக்கும் அந்தக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி 50 மீட்டர் கட்டடம் வந்தால், தொலைவிலிருந்து வருபவருக்கு ஊரின் அடையாளம் கட்டடமாகிவிடும், கோயில் அதன் அடியில் ஒரு மேடாகத் தெரியும். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் குறிப்பிட்ட இடங்களிலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக 1938 முதலே அதைச் சுற்றியுள்ள கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு வகுத்திருக்கிறார்கள். பாரிஸ் நகரம் பட்ட பிறகு கற்றது. அங்கே 210 மீட்டர் உயர மோன்பர்னாஸ் கோபுரம் 1973இல் எழுந்து, நகர் முழுவதிலும் எதிர்ப்பைக் கிளப்பியதைத் தொடர்ந்து, 1977இல் நகரின் பெரும்பகுதியில் 37 மீட்டர் உயர வரம்பு வந்தது. சுற்றளவை மட்டும் அளக்கும் விதியைவிடப் பார்வைக் கோட்டை அளக்கும் விதியே கோபுர நகரங்களுக்குப் பொருந்தும்.

அடுத்து, ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை முடிவுசெய்யும் தளப்பரப்புக் குறியீடு. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. குறியீடு 2 என்றால், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையில் மொத்தம் 4,800 சதுர அடி கட்டலாம். ஒரே கரண்டி மாவைத் தடித்த ஊத்தப்பமாகவும் ஊற்றலாம், மெல்லிய தோசையாகவும் பரப்பலாம் என்பது போல, அந்த 4,800 சதுர அடியை மனை முழுவதும் பரப்பி இரண்டு மாடியாகவும் கட்டலாம். மனையில் கால்பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டு மாடியாகவும் கட்டி, மீதியைத் திறந்த வெளியாக விடலாம். உயரமும் நெரிசலும் ஒன்றல்ல என்பது இங்கிருந்துதான் விளங்குகிறது. தொல்லை எழுவது, மனையையும் நிரப்பி உயரத்தையும் கூட்டும்போதுதான். நியூயார்க்கில் 1915இல் முடிந்த 38 மாடி எக்விட்டபிள் கட்டடம் அப்படித்தான் கட்டப்பட்டது. ஓர் ஏக்கருக்கும் குறைவான மனையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு, மனைப்பரப்பைப் போல ஏறத்தாழ 30 மடங்கு தளப்பரப்போடு செங்குத்தாக எழுந்து நின்ற அதன் நிழலில் பக்கத்துத் தெருக்கள் இருண்டன. அடுத்த ஆண்டே, 1916இல், மேலே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்ற விதியை அந்த நகரம் கொண்டுவந்தது. நம் கோபுரம் செய்வதும் அதையே.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டருக்கு, அதாவது 60 அடிக்கு, மேற்பட்டவற்றை உயரமான கட்டடம் என்று வகைப்படுத்தி, முன்னால் உள்ள சாலையின் அகலத்தோடு உயரத்தைப் பிணைக்கின்றன. அந்த 60 அடி ஏறத்தாழத் தென்னையின் உயரம் என்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் படுகைக்காரர்களுக்கு அது நல்ல அளவுகோல்: அதற்குள் அடங்கும் கட்டடம் தோப்புக்குப் பின்னால் மறைந்துவிடும், மீறுவது ஊருக்கு வெளியிலும் தெரியும். சாலை அகலத்தோடு ஏன் பிணைக்க வேண்டும் என்பதற்குத் தேர் வீதியே விடை. தஞ்சையின் நான்கு ராஜ வீதிகளில் 2015இல் பெரிய கோயில் தேர் மீண்டும் ஓடத் தொடங்கியது. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கையில் 96 அடி. அவ்வளவு உயரமான ஒன்று திரும்பவும், வடம் பிடிப்பவர்கள் ஒதுங்கவும், ஓரத்தில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் பார்க்கவும் வீதியில் இடம் இருக்கிறது. இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கும் 9 மீட்டர் தெருவில், சுவரின் உயரம் தெருவின் அகலத்தைவிடக் குறைவாகவே இருக்கும்; வானம் தாராளமாகத் தெரியும். அதே தெருவில் 50 மீட்டர் கட்டடம் மனையின் விளிம்பிலிருந்தே எழுந்தால், உயரம் அகலத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஆகிவிடும்.

நிழலைப் பற்றி மேலைநாட்டு நகரங்களில் நிறையப் பேசுவார்கள். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவது சரியாகாது. நியூயார்க்கில் டிசம்பர் 22 அளவில் நண்பகல் நிழல் கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். படுகை நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருப்பதால், அதே நாளில் இங்கே நண்பகல் நிழல் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான்: 50 மீட்டர் கட்டடத்துக்கு வடக்கே 34 மீட்டர். சித்திரை பிறந்த சில நாள்களில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும்போது நண்பகல் நிழல் காலடியிலேயே சுருங்கிக் கிடக்கும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார்கள். விழுகிறது, ஆனால் நண்பகலில் அது குட்டையாகி, அகன்ற அடித்தளத்துக்குள்ளும் திருச்சுற்றுக்குள்ளும் அடங்கிவிடுகிறது. வெயில் கொளுத்தும் நம் ஊரில் தெருவில் விழும் நிழல் நல்லதுதான். நிழலால் இழப்பு யாருக்கு என்றால், வடக்குப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு. மார்கழி, தை மாதங்களில் நெல் காய்வது அங்கேதான். இப்போது சூரிய மின்தகடுகள் ஏறுவதும் அங்கேதான். கண்ணாடி முகப்பு கொண்ட கட்டடம் இதற்கு நேர்மாறான தொல்லை தரும். லண்டனில் 2013இல், உட்குழிவான கண்ணாடி முகப்புக் கட்டடம் ஒன்று வெயிலைக் குவித்துத் தெருவில் நிறுத்தியிருந்த காரின் பாகங்களையே உருக்கியது. லண்டன் வெயிலுக்கே அப்படியென்றால், சித்திரை வெயிலுக்கு எதிரே கண்ணாடிச் சுவர் எழுப்புவதைப் பற்றி நன்றாக யோசிக்க வேண்டும்.

காற்று இங்கே நிழலைவிட முக்கியம். தரையை விட்டு உயர உயரக் காற்றின் வேகம் கூடும். அகன்ற தட்டையான சுவரில் மோதும் காற்றில் ஒரு பகுதி பக்கவாட்டில் விலகும். ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கித் தெருவில் பாயும். கட்டடத்தின் முனைகளிலும், இரு கட்டடங்களுக்கு இடையிலும் அது இன்னும் வேகம் பிடிக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 32 மாடி பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தின் அடியில் 2011இல் சூறைக்காற்றில் லாரி ஒன்று கவிழ்ந்து, நடந்து சென்றவர் உயிரிழந்தார். பின்னர் காற்றைத் தடுக்கும் பெரிய பலகைகளைச் சாலைக்கு மேலே பொருத்தினார்கள். திருச்சி, தஞ்சைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதன் வலிமை தெரியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆகவே இங்கே கட்டப்படும் உயரமான கட்டடம் தன் அகன்ற முகத்தை மேற்கே காட்டாமல் குறுகிய முகத்தைக் காட்டலாம். முதல் இரண்டு தளங்களை அகலமாக முன்னே விட்டு மேல்தளங்களை உள்ளே தள்ளினால், கீழிறங்கும் காற்று தெருவுக்கு வராமல் அந்த மேடையிலேயே தடைபடும். இரண்டும் அதிகச் செலவு வைக்காத மாற்றங்கள். வரைபட நிலையிலேயே செய்துவிட வேண்டியவை.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம் பக்கம் செம்புறாங்கல் மேட்டு நிலம். கிழக்கே வரவர ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, நிலத்தடி நீர் பல இடங்களில் மேலாகவே நிற்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் பெரும் பாரத்தைப் பைல்கள், அதாவது தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள், கொண்டே தாங்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 2009இல் முடிந்த 58 மாடி மில்லேனியம் டவரின் பைல்கள் அடிப்பாறையைத் தொடாமல் மேல் அடுக்கிலேயே நின்றதால், கட்டடம் 16 அங்குலத்துக்கும் மேல் அமிழ்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது; பிறகு பாறை வரை புதிய பைல்கள் இறக்கி அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நம் ஊரில் உடனடி ஆபத்து பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான். அடித்தளம் தோண்ட நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது சுற்றியுள்ள மண் இறுகும். சுண்ணாம்புக் காரையில் ஆழமில்லாத கடைக்கால் போட்டுக் கட்டிய பழைய ஓட்டு வீட்டின் சுவரில் வெடிப்பு மூலைவிட்டமாக ஓடும். வேலை தொடங்குமுன் சுற்றியுள்ள வீடுகளின் சுவர்களைப் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது மிகவும் தேவையான நடவடிக்கை.

தண்ணீர்க் கணக்கு எளிது. பதினைந்து மாடி, மாடிக்கு நான்கு வீடு என்றால் 60 குடும்பம். குடும்பத்துக்கு நால்வர் என்றால் 240 பேர். நகரங்களுக்கான அரசு அளவுப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 32,400 லிட்டர் தண்ணீர் வர வேண்டும். அதில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே போகவும் வேண்டும். இரண்டு மாடி வீடுகளுக்காகப் போட்ட குழாயும் சாக்கடையும் அதைத் தாங்குமா என்பதைக் கட்டடம் எழுந்த பிறகு கேட்பதில் பயனில்லை. தீயணைப்பு வண்டி உள்ளே திரும்ப இடம் உண்டா, மாடிப்படி எத்தனை, அவை எங்கே முடிகின்றன என்ற கேள்விகளும் அப்படியே. 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணத்தில், ஒடுங்கிய படியும் வெளியேற வழியின்மையும் என்ன செய்யும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தெருவில் நடப்பவருக்குக் கட்டடத்தின் பதினைந்தாவது மாடியைவிட முதல் பதினைந்து அடிதான் நெருக்கமானது. கும்பகோணத்துப் பழைய தெருக்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே திண்ணை இருக்கும். பூக்காரம்மா கூடையை இறக்கி வைப்பதும், மழைக்கு ஒதுங்குவதும், சாமி புறப்பாட்டுக்குக் காத்திருப்பதும் அதில்தான். அந்த வரிசையில் நான்கு வீடுகளை வாங்கி இடித்துக் கட்டும் அடுக்குமாடி, பெரும்பாலும் தரைத்தளம் முழுவதையும் வண்டி நிறுத்தமாக்கி, முன்னால் எட்டடி மதிலும் இரும்புக் கேட்டும் வைக்கும். அதனால் அந்த நாற்பது, ஐம்பது அடி நீளத்துக்குத் தெருவில் ஒரு வாசலும் இல்லை, ஒரு கண்ணும் இல்லை, மாலையில் விளக்கும் இல்லை. அதே கட்டடம் வண்டிகளைப் பின்பக்கம் நிறுத்த ஏற்பாடு செய்து, தெருப்பக்கம் நான்கைந்து சிறு கடைகளையும், நிழல் தரும் தாழ்வாரத்தையும், உட்கார ஒரு மேடையையும் வைத்திருந்தால், அதன் உயரத்தைத் தெரு பெரிதாகப் பொருட்படுத்தாது. இதற்கு விதிகள் தடையில்லை; கேட்பவர்கள் இல்லாததுதான் குறை.

இதையெல்லாம் படித்துவிட்டு மாடிக் கட்டடமே வேண்டாம் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. அந்த 60 குடும்பங்களும் எங்கேயாவது குடியிருந்தாக வேண்டும். ஆளுக்கு 1,200 சதுர அடி தனி மனை என்றால் 72,000 சதுர அடி. ஒரு மா 14,400 சதுர அடி என்ற நம் கணக்கில் சரியாக ஐந்து மா. சாலைக்கும் பொது இடத்துக்கும் விட்டால் ஏழெட்டு மா நஞ்சை. ஊரைச் சுற்றிக் கொடி கட்டி, வெள்ளைக் கல் நட்டு நிற்கும் மனைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் குறுவையும் சம்பாவும் விளைந்த வயல். 2020இல் சட்டம் இயற்றிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தது எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களிலிருந்து வயலைக் காத்தது. வீட்டு மனையாவதிலிருந்து அது முழுமையாகக் காக்காது. ஊருக்குள் அளவாக உயர்வது வயலைக் காக்கும் வழிகளில் ஒன்று என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். புறவழிச் சாலையை ஒட்டி, ஏற்கெனவே கட்டுமானம் வந்துவிட்ட பகுதியில், அகலமான சாலை முன்னால் இருக்க, கோபுரப் பார்வைக் கோடுகளிலிருந்து விலகி எட்டுப் பத்து மாடி எழுவதை நான் எதிர்க்க மாட்டேன். தேர் வீதிக்குப் பின்புறச் சந்தில் ஐந்து மாடி எழுவதை எதிர்ப்பேன்.

உங்கள் ஊருக்கான முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்பார்கள். உயரத்தைக் கூட்டும் பகுதி எது என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ஊருக்குள் நுழையும் சாலைகளில் எந்தெந்த இடத்திலிருந்து கோபுரம் தெரிகிறது என்பதை நீங்களே குறித்து, அந்தக் கோடுகள் அந்தப் பகுதியைக் கடக்கின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பார்த்து, கடக்குமானால் அந்த இடத்தில் எத்தனை மீட்டர் வரை போனால் கோபுரம் மறையாது என்ற எண்ணையும் கணக்கிட்டு, படத்தோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். தனி ஒரு கட்டடத்துக்கு அனுமதி கேட்கும் நிலையில், மார்கழி நண்பகல் நிழல், தெருவிலிருந்து தெரியும் முகப்பு, கோபுரத்தோடு சேர்த்துத் தொலைவிலிருந்து தெரியும் தோற்றம் ஆகிய மூன்றையும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். கட்டட வரைகலைஞர்கள் இன்று பயன்படுத்தும் மென்பொருள்களில் இவற்றை ஒரே நாளில் வரைந்துவிடலாம்.